ஊர் மாறியதா குற்றம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விற்பனையில் சாதனை படைத்த மர்ம நாவல்கள் திரைக்கு வரும்போது ஏன் சோபிப்பதில்லை என்பது பற்றித் தங்கள் நாளிதழின் கடந்த ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பாலா ஹாக்கின்ஸ் எழுதி 2015இல் வெளிவந்த ‘தி கேர்ள் ஆன் த ட்ரெயின்’ நாவலையும், டேட் டெய்லர் இயக்கத்தில் மறு ஆண்டே வந்த அதன் திரைவடிவத்தையும் முதன்மைச் சான்றாக எடுத்துக்கொண்ட கட்டுரையாளர், லண்டனையொட்டி நடக்கும் கதையை நியூயார்க்குக்குக் கொண்டுபோனதுதான் படம் தோற்றதற்குக் காரணம் என்று முடித்திருக்கிறார். நாவலை இரண்டு முறையும் படத்தை ஒரு முறையும் பார்த்தவள் என்ற அளவிலும், இருபது ஆண்டுகளுக்கு மேல் இராமநாதபுரத்திலிருந்து மண்டபத்துக்குப் பாசஞ்சர் வண்டியில் பள்ளிக்குப் போய்வந்தவள் என்ற அளவிலும் எனக்கு இதில் உடன்பாடில்லை.

முதலில் ‘தோற்றது’ என்ற சொல்லையே சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சுமார் 4.5 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட அந்தப் படம் உலகெங்கும் 17 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. அதைத் தயாரித்தவர்கள் யாரும் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளவில்லை. மனம் நிறையாதவர்கள் விமர்சகர்கள்தாம். அவர்களும் நாயகி ரேச்சலாக நடித்த எமிலி பிளண்டைக் குறை சொல்லவில்லை என்பதோடு, பிரிட்டிஷ் திரைப்பட விருதான பாஃப்டாவுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்படவும் செய்தது. படம் விறுவிறுப்பின்றி இருக்கிறது, மர்மம் அவிழும் இடத்தில் நாடகத்தனம் மிகுந்துவிடுகிறது, அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த ‘கான் கேர்ள்’ என்ற மர்மப் படத்தின் கூர்மை இதில் இல்லை என்பவையே அவர்கள் பலரும் சொன்ன குறைகள். ஊர் மாறியது சிலருக்கு வருத்தம்தான். ஆனால் அதுவே முழுக் காரணம் என்று சொன்னவர்கள் அதிகம் இல்லை.

ஊர்தான் காரணம் என்றால் 2021இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான இந்தி வடிவத்துக்கு என்ன பதில்? ரிபு தாஸ்குப்தா இயக்கிப் பரிணீதி சோப்ரா நடித்த அந்தப் படம் கதையை மீண்டும் லண்டனுக்கே கொண்டுவந்தது. விமர்சகர்கள் அதை அமெரிக்கப் படத்தைக் காட்டிலும் கடுமையாகத்தான் சாடினார்கள். நம் ஊரிலேயே சான்று உண்டு. சுஜாதாவின் ‘பிரியா’ நாவலாக இருந்தபோது வழக்கறிஞர் கணேஷ் நடிகை பிரியாவுக்காகச் சென்றது லண்டனுக்கு. 1978இல் எஸ்.பி. முத்துராமன் அதைப் படமாக்கியபோது கதை சிங்கப்பூருக்கு மாறியது. அந்தப் படத்தைப் பற்றிச் சுஜாதாவின் வாசகர்களுக்கு எத்தனையோ குறைகள் இருந்தன, நானும் குறைபட்டவள்தான். ஆனால் லண்டன் இல்லையே என்று நான் ஏங்கவில்லை, ஏனென்றால் அந்தக் கதைக்கு வேண்டியது ஓர் அயல்நாடு மட்டுமே.

ஹாக்கின்ஸின் கதைக்கு வேண்டியதும் லண்டன் அல்ல, நின்று நின்று போகும் ஒரு ரயில். வேலை பறிபோன பின்னும் வேலைக்குப் போவதுபோல் நாள்தோறும் ரயில் ஏறும் ஒரு பெண், பழுதான சிக்னல் ஒன்றில் வண்டி நிற்கும்போதெல்லாம் எதிரே தெரியும் ஒரு வீட்டையும் அதில் வாழும் இளம் தம்பதியையும் பார்த்து, அவர்களுக்குத் தானே பெயர் வைத்து, அவர்கள் வாழ்க்கையைத் தானே எழுதிக்கொள்கிறாள். இதற்கு லண்டன் எதற்கு? ஒற்றைத் தண்டவாளமும், எதிர்வண்டிக்கு வழிவிட நிற்கும் கிராசிங்கும் உள்ள எந்த ஊரிலும் இது நடக்கும்.

எனக்கு நடந்தது. உச்சிப்புளிக்குச் சற்று முன்னே, நிலையத்துக்கு வெளியே உள்ள அவுட்டர் சிக்னலில் வண்டியை நிறுத்திப் போட்டுவிடுவார்கள். சன்னலுக்கு நேரே சீமைக் கருவேல மரங்களுக்கு நடுவில் பனையோலை வேலி போட்ட ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டுப் பெண் காலையில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துவந்து வாசலில் வெளிப்பக்கம் பார்க்கப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள். யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கணவன் சவூதியில் இருக்கிறான், அவன் நாற்காலியை அவள் இப்படிக் காத்துவருகிறாள் என்று நானாக முடிவுகட்டி, எதிர் இருக்கை ஆசிரியையிடமும் சொல்லி, இருவரும் அவளுக்காகச் சில மாதம் உச்சுக்கொட்டியிருக்கிறோம். சில ஆண்டுகள் கழித்து அந்த வீட்டுப் பையன் என் வகுப்பில் சேர்ந்தான். வேலிப் படல் இற்றுப்போனதால் ஆடு உள்ளே வராமல் இருக்க வழியை மறித்துப் போட்ட நாற்காலி அது என்றும், அவன் அப்பா விடியுமுன் மீன் ஏலத்துக்குப் போய்வந்து அந்த நேரத்தில் உள்ளே உறங்கிக்கொண்டிருப்பார் என்றும் அவனிடமிருந்துதான் அறிந்தேன்.

இந்தத் தவறான முடிவைத்தான் நாவல் நம்மையும் எடுக்க வைக்கிறது. ரயிலில் போகும் ரேச்சல், அவள் பார்க்கும் வீட்டில் வாழும் மேகன், ரேச்சலின் முன்னாள் கணவனை மணந்த அன்னா என மூன்று பெண்கள் மாறி மாறித் தம் கதையைத் தாமே சொல்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தேதியும், காலையா மாலையா என்ற குறிப்பும் தலைப்பாக நிற்க, மேகனின் பகுதிகள் ஓர் ஆண்டு முன்னதாகவே தொடங்குகின்றன. எது எப்போது நடந்தது என்று பார்க்க வாசகர் பக்கங்களைப் பின்னே புரட்டியாக வேண்டும். அதற்கு மேல், ரேச்சல் குடித்தால் நடந்ததை மறப்பவள். மேகன் காணாமல் போகும் இரவையும் அவள் அப்படித்தான் மறக்கிறாள், அந்த இரவு நாவலில் வெறும் வெற்றிடமாகவே இருக்கிறது. அவளைச் சுற்றியுள்ளவர்கள் அந்த வெற்றிடத்தில் என்ன போடுகிறார்களோ அதையே அவளும் நம்புகிறாள், அவளோடு நாமும் நம்புகிறோம்.

படம் இடறியது இங்கேதான். திரையில் வெற்றிடத்தைக் காட்ட வழியில்லை. எதையாவது காட்டியாக வேண்டும். துண்டு துண்டாக, கலங்கலாக, ஆட்டத்தோடு நினைவுகள் வந்துவந்து போகின்றன. காதால் கேட்டதைச் சந்தேகிக்கும் நாம் கண்ணால் கண்டதை அவ்வளவு எளிதில் சந்தேகிப்பதில்லை. அந்தத் துண்டுகள் பொய்யா மெய்யா என்ற கேள்வி நமக்குள் தானாக எழுவதற்குப் பதிலாக, கேமராவின் ஆட்டமே ‘இதை நம்பாதே’ என்று முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. குடியால் உடல் பருத்து, தன் மேல் தனக்கே அருவருப்புக் கொண்ட நாவலின் ரேச்சலுக்கும், கண் சிவந்து உதடு வெடித்திருந்தாலும் அழகு குறையாத எமிலி பிளண்டுக்கும் உள்ள தூரமும் சேர்ந்துகொள்கிறது. அவர் நடிப்பு அந்தத் தூரத்தைப் பெருமளவு கடந்துவிடுகிறது என்பது வேறு.

எந்தப் படமும் நாவலை எட்டாது என்று கட்டுரையாளர் போகிறபோக்கில் சொன்னதையும் நான் ஏற்கமாட்டேன். கில்லியன் ஃபிளின் தம் ‘கான் கேர்ள்’ நாவலுக்குத் தாமே திரைக்கதை எழுதினார். டேவிட் ஃபின்ச்சர் இயக்கிய அந்தப் படத்தை விமர்சகர்கள் பெரிதும் வரவேற்றார்கள். அதிலும் பொய் சொல்லும் ஒரு குரல் உண்டு. ஆனால் அது நாட்குறிப்பில் எழுதப்பட்ட பொய் என்பதால், எழுதும் கையைக் காட்டினாலே திரையில் அது நின்றுவிட்டது. குடித்து மறந்தவளின் நினைவுக்கு அப்படி ஒரு கைப்பிடி இல்லை. டெய்லருக்கு வாய்த்த வேலை ஃபின்ச்சருக்கு வாய்த்ததைவிடக் கடினமானது என்பதை விமர்சகர்கள் கொஞ்சம் கணக்கில் எடுத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு முறையீடு. தங்கள் கட்டுரையின் நான்காம் பத்தியில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், குற்றவாளி யார் என்பது பெயரோடு அச்சாகியிருக்கிறது. இந்தக் கடிதத்தில் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. எழுதாமலே இவ்வளவும் பேச முடிந்தது. என் மருமகள் அந்த நாவலைப் பாதி வரை படித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை காப்பியோடு இணைப்பைப் பிரித்தவள், கட்டுரையை முடித்துவிட்டு என்னிடம் வந்து, “அத்தை, இனிமேல் இதை எதற்குப் படிக்க?” என்று கேட்டாள். அடையாளத்துக்கு வைத்த பேருந்துச் சீட்டு உள்ளேயே இருக்க, புத்தகம் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் கிடக்கிறது. இனி இத்தகைய கட்டுரைகளின் தலைப்பின் கீழ், முடிவு சொல்லப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.