மூன்றாவது இதழ் வெளிவர வேண்டும்

கொழும்பின் அச்சக உரிமையாளர்களுக்கும் தமிழ்ப் புத்தகக் கடைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களுக்கு வணக்கம்.

மருதானையிலும் கொட்டாஞ்சேனையிலும் இயந்திரம் ஓட்டுகிற உங்களுக்கும், செட்டியார் தெருவிலும் வெள்ளவத்தையிலும் தமிழ்ப் புத்தகம் விற்கிற உங்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நீங்கள் இரு தரப்பாரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது குறைவு. சொந்தச் செலவில் சித்திரக்கதைத் தொடர் கொண்டுவருகிற நாங்கள் மட்டும் இரண்டு வாசலிலும் ஏறி இறங்குகிறோம்.

முதல் இதழை எப்படியும் கொண்டுவந்துவிடலாம். சொந்தக்காரரும் கூடப் படித்தவர்களும் ஆளுக்கொரு பிரதி வாங்குவார்கள். இரண்டாவது இதழில் அந்த ஆதரவு பாதியாகும். மூன்றாவது இதழ்தான் தொடரின் தலைவிதி: அதைக் கேட்டு வாங்குகிறவர் முகம் தெரியாத வாசகர். அவர் வரும்வரை தாக்குப்பிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொரு இதழும் பழுதில்லாமல் அச்சாக வேண்டும், விற்ற காசு அடுத்த இதழுக்கு முன் கைக்கு வர வேண்டும். முன்னது அச்சகத்தில் இருக்கிறது, பின்னது கடையில்.

இந்த நகரத்துக்கு இது புதிய வேலையும் அல்ல. சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழ் 1963இல் கொழும்பில்தான் தொடங்கியது. எழுபதுகளில் சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகள் வாரந்தோறும் அச்சாகிப் பெருந்தொகையில் விற்றதும் இங்கேதான்.

முதலில் அச்சகத்தாருக்கு.

அளவைப் பற்றி வேலை தொடங்கும்போதே பேசுங்கள். வரைகிறவர் பெரும்பாலும் தன் மேசையில் உள்ள கடதாசிக்கு ஏற்றபடி பக்க அளவை முடிவுசெய்துவிட்டு வருகிறார். டிஜிட்டல் இயந்திரத்தில் 13×19 அங்குலத் தாளில் ஏ5 இதழின் இரண்டு விரிப்புகள் (எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு சேர்ந்தது ஒரு விரிப்பு), வெட்டுக்கோட்டைத் தாண்டி நீளும் ஓரப்படிவோடு பக்கத்துக்குப் பக்கம் உட்காரும். 32 உள்பக்கத்துக்கு நான்கு தாள் போதும்; தாளின் ஒரு முகத்தை ஒருமுறை அடிப்பது ஒரு பதிவு என்றால், எட்டுப் பதிவு. பீ5 அளவென்றால் விரித்தால் 352×250 மில்லிமீற்றர். ஒரு தாளில் ஒன்றுதான் கொள்ளும். எட்டுத் தாள், பதினாறு பதிவு. ஏ4க்கும் அதே எட்டுத் தாள்தான். அதாவது பீ5க்குக் கொடுக்கிற பதிவுக் காசிலேயே ஏ4 கிடைக்கும். ஏ5க்கு அதில் பாதி போதும். இதைக் கொட்டேஷன் கேட்க வந்த அன்றே சொன்னால் வரைகிறவர் பக்கத்துக்கு நான்கைந்து கட்டங்களோடு ஏ5க்குத் திட்டமிடுவார். வரைந்து முடித்தபின் சொன்னால் எல்லாவற்றையும் சுருக்க வேண்டும். அப்போது ஏ4இல் 9 புள்ளி அளவில் இருந்த தமிழ் எழுத்து ஏறக்குறைய 6 புள்ளி அளவாகிவிடும். புள்ளிச் சாயல் போட்ட படங்களில் சுருக்கிய இடமெல்லாம் அலை அலையாகக் கோலம் விழும்.

அடுத்தது எழுத்து. தமிழ்ச் சித்திரக்கதை அச்சில் கெடுவது படத்தால் அல்ல, பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் எழுத்தால்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஒரு பீடிஎஃப் வருகிறது. பக்கங்களை அடுக்குவதற்காக அதைக் கோரல் ட்ரோவில் திறக்கிறார்கள். யுனிகோட் எழுத்துரு அந்தக் கணினியில் இல்லை. வேறொன்று வந்து உட்கார்கிறது. கொம்பும் காலும் இடம் மாறுகின்றன, புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் ஏறுகிறது. பாமினி என்ற பழைய, யுனிகோட் அல்லாத எழுத்துருவில் தட்டிய கோப்பென்றால் இன்னும் மோசம்: எழுத்துரு உள்ளே பதியப்படவில்லை என்றால் முழு வசனமும் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறும். தமிழ் தெரியாத பணியாளருக்கு இது பிழை என்றே தெரியாது. அவரைக் குறைசொல்வதில் நியாயமில்லை. பீடிஎஃபைத் திறந்து திருத்தாமல், பக்கம் அடுக்கும் மென்பொருளில் அப்படியே வைத்து அடியுங்கள். எங்கள் பக்கத்தில் செய்யவேண்டியது, எழுத்துகளை எழுத்துரு தேவைப்படாத கோட்டுருவாக மாற்றிய பிரதியை அச்சுக்குத் தந்து, திருத்தக்கூடிய மூலத்தைத் தனியே வைத்திருப்பது. போட்டோஷொப்பிலும் இன்டிசைனிலும் தென்னாசிய மொழிகளுக்கான எழுத்துக்கோப்பு அமைப்பை முதலிலேயே தெரிவுசெய்யாவிட்டால், எழுத்து எங்கள் மேசையிலேயே உடைந்துவிடும். அது உங்கள் தலையில் போடவேண்டிய பிழை அல்ல.

கோப்பை வட்ஸ்அப்பில் படமாகக் கேட்காதீர்கள். படமாக அனுப்பினால் அது தானாகச் சுருங்கிவிடும், கோடுகள் பஞ்சாகும். கறுப்புக் கோட்டோவியத்துக்கு இறுதி அளவில் குறைந்தது 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வேண்டும். வண்ணத்துக்கு 300 போதும். கோப்பாக அனுப்பலாம், பென் டிரைவில் கொண்டுவந்தும் தரலாம்.

எழுத்து தனிக் கறுப்பில் மட்டும் இருக்க வேண்டும். நான்கு நிறம் கலந்த கறுப்பில் வந்தால், நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது ஒரு மயிரிழை விலகினாலும் மெய்யெழுத்தின் புள்ளி மங்கிக் கரைந்துவிடும். பூச்சில்லாத 80 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாளில் மை பரவுவதால், வட்டமாக வரவேண்டிய புள்ளி அடைபட்டுப் போகும். புள்ளி போனால் 'பக்கம்' 'பககம' ஆகிறது. எட்டு வயதுப் பிள்ளை அதை வாசிக்கத் திணறும். நிறத்துக்கு ஒரு தட்டாக அச்சாவதால், கோப்பைச் சோதிக்கும்போது கறுப்புத் தட்டை மட்டும் தனியே பாருங்கள். வசனம் முழுதும் அதில் இருந்தால் சரி; மற்ற மூன்றில் ஒன்றிலாவது வசனத்தின் நிழல் தெரிந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

இந்த ஒழுங்குக்கு இன்னொரு பயனும் உண்டு. கோடும் வசனமும் கறுப்புத் தட்டில் மட்டும் இருந்தால், தட்டு வைத்து அடிக்கும் ஓஃப்செட்டில் தமிழ்ப் பதிப்பையும் சிங்களப் பதிப்பையும் ஒரே ஓட்டத்தில் எடுக்கலாம். நீலம், சிவப்பு, மஞ்சள் தட்டுகள் இரண்டுக்கும் பொது. கறுப்புத் தட்டை மட்டும் மாற்றினால் போதும். தாளின் ஒரு முகத்துக்கு எட்டுத் தட்டுக்குப் பதிலாக ஐந்து. தனித்தனியே 300 அடித்தால் ஓஃப்செட் கட்டாது, டிஜிட்டல்தான் மலிவு. இரண்டு மொழிக்கும் சேர்த்து அடிக்கும்போது கணக்கு மாறுகிறது. இரு மொழியும் புழங்கும் இந்த நகரத்தில் இந்த வழியை அச்சகமே முன்வந்து சொன்னால் எத்தனையோ தொடர்கள் பிழைக்கும்.

மெய்ப்பு பார்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். குமிழிக்குள் இருப்பது பேச்சு. 'வாறன்' என்று யாழ்ப்பாணத்துப் பாத்திரம் சொன்னால் அதை 'வருகிறேன்' என்று திருத்தாதீர்கள். மலையகத்துப் பேச்சும், மட்டக்களப்புப் பேச்சும், கொழும்பு முஸ்லிம் வீடுகளின் பேச்சும் அப்படியே நிற்க வேண்டும். எழுத்துத் தமிழாக்கினால் பாத்திரம் செத்துவிடும். அதோடு சொல் நீண்டு குமிழியை விட்டு வெளியேயும் வழியும். தமிழுக்குக் குமிழி ஏற்கெனவே நெருக்கடியான இடம். மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகரச் சுழியும் மோதாமலிருக்க எழுத்தளவைப் போல 1.3 மடங்கு வரி இடைவெளி வேண்டும். ஒரு குமிழிக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்லைத் தாண்டினால் படம் மறைந்துவிடும். நீண்ட சொல்லை உடைக்கவேண்டி வந்தால், அடுத்த வரி மெய்யெழுத்தில் தொடங்கக் கூடாது.

கடதாசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பின் காற்று கடதாசிக்கு எதிரி. அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லமினேட் செய்தால், லமினேட் இல்லாத உட்பக்கம் ஈரத்தை இழுத்து விரியும். பூசிய பக்கம் விரியாது. இரண்டு கிழமையில் அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுவிடும். கடை மேசையில் வாய்பிளந்து கிடக்கும் இதழை யாரும் புதியதென்று எடுக்கமாட்டார்கள். ஈரம் புகவிடும் நைலோன் படலம் கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் லமினேட்டை விட்டுவிட்டு வார்னிஷ் போதும். வெட்டி முடிந்த இதழ்களை ஐம்பது ஐம்பதாகக் கட்டி, மேலே பாரம் வைத்து, ஒரு நாள் கழித்துத் தாருங்கள். அன்றே வேண்டும் என்று நாங்கள் நச்சரித்தாலும் தராதீர்கள்.

தாளின் இழையோட்டம், அதாவது அதன் நார்கள் ஓடும் திசை, முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் மடிப்பில் அட்டை வெடிக்கும், உள்பக்கம் அலையும். தாளை மிச்சப்படுத்தத் திருப்பிப் போட்டு வெட்டும்போதுதான் இது நடக்கிறது. டிஜிட்டலில் டோனர் மேலே படிந்து நிற்பதால், 250 ஜிஎஸ்எம் அட்டையை மடிக்குமுன் மடிப்புக்கோடு அழுத்தாவிட்டால் முதுகில் வெள்ளைக் கீறல் விழும். கம்பித் தையலில் நடுப்பக்கங்கள் வெளியே தள்ளும். 32 பக்கத்தில் அது ஒரு மில்லிமீற்றருக்குக் கிட்ட வரும். அதனால்தான் ஓரத்தில் 3 மில்லிமீற்றர் படிவும், வசனத்துக்கு வெட்டுக்கோட்டிலிருந்து 8 மில்லிமீற்றராவது உள்ளிடமும் நாங்கள் விட வேண்டும். விடாத கோப்பைத் திருப்பி அனுப்புங்கள், கோபிக்கமாட்டோம். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடாமல் வருகிற கோப்பையும் அப்படியே.

பேசிய கடதாசி தீர்ந்துபோனால், வேறொன்றைப் போடுமுன் கேளுங்கள். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போடப்பட்ட நாடு இது. தட்டுப்பாடு உங்கள் பிழை அல்ல என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் முதல் இதழ் மஞ்சள் சாயலிலும் இரண்டாவது பளீர் வெள்ளையிலும் வந்தால், சேர்த்துவைக்கிற வாசகருக்கு அது ஒரே தொடராகத் தெரியாது.

இனிக் கடைக்காரர்களுக்கு.

ஒரு கணக்கு. 300 பிரதி, பிரதிக்கு அச்சுச் செலவு 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கணக்குக்காக எடுத்த எண் இது, சந்தை விலை அல்ல. செலவு 60,000. விலை 500, உங்கள் கழிவு 35 வீதம் என்றால் எங்களுக்கு 325. ஆவணக் காப்பகத்துக்குச் சேரவேண்டியது, விமர்சனத்துக்குக் கொடுப்பது, பழுதானது என்று 30 போனால் விற்க 270. எல்லாம் விற்றால் 87,750 ரூபாய். அடுத்த இதழுக்குப் போதும், கொஞ்சம் மிஞ்சும். ஆனால் மூன்று மாதத்தில் பாதிக்குத்தான் காசு வந்ததென்றால் கையில் 43,875. இரண்டாவது இதழுக்கு 60,000 வேண்டும். கழிவைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கடை வாடகையும் மின்கட்டணமும் உங்களுக்கு இருக்கிறது. கேட்பது தவணையை. அறுபது நாளுக்கு ஒருமுறை விற்றதற்கு மட்டும் கணக்கு முடியுங்கள். ஒரு கொப்பியில் இதழ் எண், கொடுத்தது, விற்றது, மிச்சம் என்று நான்கு நிரல் போதும். பத்துப் பிரதிதான் விற்றதென்றாலும் அந்தப் பத்துக்கான 3,250 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை. எது விற்கவில்லை என்ற செய்தி அதைவிடப் பெறுமதி.

இதழின் முதுகில் பெயர் போட இடம் கிடையாது, கம்பித் தையல். அடுக்கில் பக்கவாட்டில் செருகினால் அது காணாமல் போகும். முகம் தெரிய வையுங்கள், சுவரில் ஒரு கம்பியும் நான்கு கிளிப்பும் போதும். சிறுவர் பாடப் பயிற்சிப் புத்தகங்களுக்கு நடுவே வைக்காதீர்கள்: பெரியவர்களுக்கான கதையும் இந்த வடிவில் வருகிறது, அதைத் தேடுகிறவர் அந்த மூலைக்குப் போகமாட்டார். மூன்றாவது இதழ் வரும்போது முதலாவது இதழின் ஐந்து பிரதியாவது அதன் அருகில் இருக்கட்டும். நடுவில் தொடங்க யாருக்கும் மனம் வராது. முதலாவது தீர்ந்தால் சொல்லுங்கள். டிஜிட்டலில் ஐம்பது பிரதி மறுபடி எடுத்துத் தருவோம். விலைச் சீட்டை ஓவியத்தின் முகத்தில் ஒட்டவேண்டாம். பின்னட்டையில் பார்கோடுக்கு 30×21 மில்லிமீற்றருக்குக் குறையாத வெள்ளைப் பெட்டி நாங்கள் விடுவோம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் பெற்ற ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்) அதில் இருக்கும்.

எங்கள் பக்கத்துக் கடமையும் உண்டு. இரண்டு இதழ்கள் முழுதும் வரைந்து முடியாமல் முதல் இதழை அச்சுக்குக் கொண்டுவரமாட்டோம்; தொடர்கள் நிற்பதற்கு முதற்காரணம் வரைகிறவரின் தாமதம்தான், அச்சகமோ கடையோ அல்ல. செப்டெம்பர்ப் புத்தகக் கண்காட்சிக்கே முதல் இதழை வெளியிட வேண்டும் என்ற ஆசையையும் விடுகிறோம். ஓகஸ்டில் அச்சகங்களில் வேலை குவிந்து கிடக்கும், ஆண்டு முடிவில் நாட்காட்டியும் டயறியும். பெப்ரவரியில் முதலாவது, மே மாதத்தில் இரண்டாவது, ஓகஸ்ட் நெருக்கடிக்கு முன் ஜூலையிலேயே மூன்றாவது என்று வைத்தால், கண்காட்சி மேசையில் மூன்றும் ஒன்றாக இருக்கும். ஒன்றை எடுத்துப் பார்ப்பவர் மூன்றையும் வாங்குவது அங்கேதான் நடக்கும்.

அச்சகத்தாரே, அடுத்த கொட்டேஷனில் நான்கு வரிகள் சேர்த்து எழுதுங்கள்: தாளின் பெயரும் ஜிஎஸ்எம்மும், இழையோட்டத்தின் திசை, அச்சுக்கு முன் ஒரு முழு மாதிரிப் பிரதி, கையளிக்கும் திகதி. அந்த மாதிரியில் நாங்கள் கையொப்பமிட்டுத் தருவோம். அதன்பின் வசனத்தில் பிழை கண்டால் அது எங்கள் செலவு. கடைக்காரரே, முதல் இதழின் பத்துப் பிரதியோடு நான்கு நிரல் கொப்பி ஒன்றையும் நாங்களே கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
கொழும்பில் சொந்தமாகச் சித்திரக்கதை வெளியிடுவோர்