கூர்நோக்கு இல்லத்தைக் கூர்ந்து நோக்குவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 டிசம்பரில் செங்கல்பட்டில், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை விசாரணைக் காலத்தில் வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் இறந்து, அடித்துக் கொன்றதாக ஊழியர்களே கைதானார்கள். அப்புறம் இந்த இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்ல அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2023 நவம்பரில் முதல்வரிடம் அறிக்கையும் கொடுத்துவிட்டது. சரி, இல்லம் வாரியாக என்ன மாறியது என்று அரசு ஒரு பட்டியலாவது வெளியிடலாமே!

2015 சிறார் நீதிச் சட்டப்படி, சிறுவர்கள் மீதான சிறு குற்ற விசாரணை 4 மாதத்தில், நீட்டித்தாலும் 6 மாதத்தில் முடியாவிட்டால் வழக்கையே கைவிட வேண்டும். இதையெல்லாம் கண்காணிப்பது யார்? செல்போன் திருட்டில் சிக்கிய எங்கள் தெருப் பையனைப் பார்க்க அவன் அம்மாவோடு ஒருமுறை இப்படி ஒரு இல்லத்துக்குப் போனேன் (ஊர் வேண்டாம்). வாசலில் டிபன் பாக்ஸை வாங்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் மட்டும் பேசவிட்டார்கள், அவனோ கடைசிவரை சட்டைக் கையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டே இருந்தான்.

- ஒரு வாசகர், வேலூர்