மலேசியா, சுங்கை சிப்புட்டிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நல்ல சுகம். அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் அனுப்பிய பணம் வந்து சேர்ந்ததா என்று தங்கச்சியை மெசேஜ் போடச் சொல்லுங்கள்.

இப்போது தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், ஒரு சின்ன வீட்டு முன்வாசலில் கல் பாவுகிற வேலை. வீட்டுக்கார ஆயா கித்தா மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தவரை வீடும் கம்பெனியுடையது, மண்ணும் கம்பெனியுடையது. கித்தாவை அழித்து எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்ட பிறகு மகன் இந்த வீட்டை வாங்கிக் கொடுத்திருக்கிறார். வாசலில் கறிவேப்பிலை, செம்பருத்தி, பாண்டான், துளசி என்று கால் வைக்க இடமில்லை. மகன் முழுசாய் சிமெண்ட் போடச் சொன்னார். ஆயா மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நடக்கிற இடத்துக்கு மட்டும் கல்லு போடு, மத்தது என்னோடது" என்றுவிட்டார். நீங்கள் இருந்தால் மகன் பக்கம்தான் பேசியிருப்பீர்கள்.

கல் ஈப்போ பக்கத்திலிருந்து லோரியில் வந்தது. அந்தப் பக்கம் போகும் வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் மலைகள் செங்குத்தாக நிற்கும், அப்பா. ஆனால் இது கருங்கல். 2 அடிக்கு 1 அடி, 2 அங்குல கனம். ஒரு கல் 25 கிலோ இருக்கும். நம்ம கடப்பாக்கல் மாதிரி வழுவழுப்பு இல்லை, மேலே சொரசொரப்பாகக் கொத்தியிருக்கிறார்கள். இந்த மழைக்கு வழுவழுப்பான கல் போட்டால் ஆயா முதல் நாளே வழுக்கி விழுவார்.

8 அங்குலம் தோண்டி, 4 அங்குலம் கிரஷர் ரன், அதாவது தூளோடு உடைத்த ஜல்லி, கொட்டி, மெஷின் வைத்துத் திமிசு போட்டோம். மேலே ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலவை, ஒன்றரை அங்குலம். நாலு மூலைக்கும் நடுவிலும் உருண்டை உருண்டையாக வைத்துக் கல்லை அமுக்குகிற ஆட்கள் இங்கே இருக்கிறார்கள். அது எனக்கு ஆகாது. கலவையை முழுக்க விரித்துவிட்டு, ரப்பர் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்பேன். 'பொத்'தென்றால் உடனே கல்லைத் தூக்கு, அடியில் பொக்கு. நீங்கள் செவிட்டில் அறைந்து சொல்லிக்கொடுத்த பாடம்.

தண்ணீர் ஓடுகிற வாட்டம்தான் இங்கே எல்லாம். 5 அடிக்கு 1 அங்குலச் சரிவு, லோங்காங் பக்கமாக, சாக்கடையைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். வீட்டுத் தரை மட்டத்துக்கு 6 அங்குலமாவது கீழே கல் இருக்க வேண்டும், இல்லையென்றால் சுவர் தண்ணீரை உறிஞ்சும். கல்லின் மேல் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு முட்டையிடும், அப்புறம் டிங்கி. சுகாதார இலாகாக்காரர்கள் வந்து பார்த்தால் அபராதமும் உண்டு. அதனால் நூல் கட்டி, ரசமட்டத்தை ஒவ்வொரு கல்லுக்கும் வைத்துப் பார்க்கிறேன்.

நம்ம ஊரில் கட்டின வேலைக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வைப்போம். இங்கே தண்ணீரிடமிருந்து காப்பாற்றத்தான் ஆள் வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் வானம் கறுத்துவிடும். கலவையைப் போட்டுவிட்டுத் தார்ப்பாயும் கையுமாக ஓடுகிறோம்.

கறிவேப்பிலையைச் சுற்றி ஒன்றரை அடி மண்ணாகவே விட்டேன். வேரிலிருந்து கன்று கிளம்பினால் கல்லைத் தூக்கிவிடும். அந்த இடத்தில் ஆயா மறுநாளே மிளகாய் நட்டுவிட்டார். தினம் நாலு மணிக்கு எங்களுக்குப் பால் இல்லாத வரக்கோப்பியும் வடையும் அவர்தான். தவுக்கே, எங்கள் முதலாளி, கூலியில் பிடிப்பதை எல்லாம் அந்த வடையில் மறந்துவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சீனர் வேலையைப் பார்த்துவிட்டுத் தன் வாசலுக்கும் கேட்டிருக்கிறார். அவருக்குச் சதுரக் கல் வேண்டாமாம், கோணல்மாணலான கல்தான் வேண்டுமாம். நீங்கள் கோயில் பிரகாரத்தில் அப்படிப் பாவினீர்களே, முதலில் ஓரத்துக் கல்லை வைத்தீர்களா, நடுவிலிருந்து ஆரம்பித்தீர்களா? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், யோசித்து வையுங்கள்.

உங்கள் அன்பு மகன்