கிரிம்பிளின் நூலோடு 1928 கடிதத்தையும் சேர்த்து அச்சிடுங்கள்

காலனி அதிகாரிகளின் நினைவுக்குறிப்புகளைத் தமிழில் கொண்டுவரும் பதிப்பாளர்களுக்கும் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஆர்தர் கிரிம்பிள் 1952-இல் வெளியிட்ட ‘எ பேட்டர்ன் ஆஃப் ஐலண்ட்ஸ்’ தமிழுக்கு வர வேண்டிய நூல்தான். 1914-இல் பிரிட்டிஷ் பயிற்சி அதிகாரியாகப் பசிபிக் கடலிலுள்ள கில்பர்ட் தீவுகளுக்குப் போன அவர், அந்த மக்களின் மொழியையும் கற்றுக்கொண்டார். ஆக்டோபஸ் வேட்டையை அவர் சொல்லும் பக்கங்கள் மறக்க முடியாதவை. ஒருவர் இரையாக முக்குளித்து, ஒரு கையால் கண்களை மூடிக்கொண்டு, அதன் பிடியில் சிக்குவார். கூட்டாளி அவரைப் பாறையிலிருந்து இழுத்து மேலே கொண்டுவந்து, ஆக்டோபஸின் இரு கண்களுக்கும் நடுவே கடித்துக் கொல்வார். இரையாகக் கிரிம்பிளே ஒருமுறை இறங்கினார்.

ஆனால் அந்த நூல் அவருடைய தொடக்க ஆண்டுகளோடு நின்றுவிடுகிறது. 1926-இல் அவர் அந்தக் காலனியின் தலைமை நிர்வாகியான ரெசிடென்ட் கமிஷனர் ஆனார். அந்தக் காலனியைச் சேர்ந்த பனாபா என்ற ஓஷன் தீவில், உரத்துக்கான பாஸ்பேட்டை வெட்டிவந்த நிறுவனத்தார் இன்னும் 150 ஏக்கர் கேட்டார்கள். நில உடைமையாளர்கள் மறுத்தார்கள். 1928-இல் அத்தீவின் புவாகோனிகாய் ஊராருக்குக் கிரிம்பிள் கடிதம் எழுதினார்: கையெழுத்திட்டால் மன்னிப்பு, மறுத்தால் தண்டனை. நிலம் கட்டாயமாக எடுக்கப்பட்டது. பாஸ்பேட்டைத் தோண்டி எடுத்தபின் மிஞ்சுவது கூரிய சுண்ணாம்புப் பாறைகள். அங்கே தென்னை வைக்கக்கூட மண் இல்லை. 1945 டிசம்பரில் பனாபா மக்கள் ஃபிஜியின் ரம்பி தீவில் குடியேற்றப்பட்டார்கள். அவர்கள் லண்டனில் தொடுத்த வழக்கில் நீதிபதி மெகாரி 1976-இல் தீர்ப்பளித்தபோது இந்தக் கடிதமும் அலசப்பட்டது.

ஆகவே கடிதத்தின் முழுத் தமிழாக்கத்தைப் பின்னிணைப்பாகச் சேருங்கள். முன்னுரையில் ஒரு வரியில் தொட்டுவிட்டுப் போனால் வாசகர் கண்ணில் படாது. பாஸ்பேட் எடுக்க 1900-இல் போட்ட முதல் ஒப்பந்தத்தையும் அதோடு வையுங்கள்: ஆண்டுக்கு 50 பவுன், 999 ஆண்டுகளுக்கு. தீவின் ‘அரசர்’ என்று சொல்லி ஒருவரிடம் கையெழுத்து வாங்கினார்கள்; பனாபாவிலோ நிலம் தனித்தனி ஆட்களுக்குச் சொந்தம், மொத்தத் தீவையும் எழுதிக்கொடுக்கும் உரிமை யாருக்கும் கிடையாது. இந்த விவரம் இல்லாவிட்டால், 1928-இல் ஊரார் ஏன் அவ்வளவு பிடிவாதமாக நின்றார்கள் என்பது வாசகருக்கு விளங்காது.

வரைபடத்தில் பனாபாவும் ரம்பியும் ஒரே பக்கத்தில் வரட்டும். இடையே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து ஒலிபெயர்க்காதீர்கள்: கில்பர்ட் மொழியில் ‘டி-ஐ’ (ti) என்று எழுதுவது ‘ஸ்’ என ஒலிக்கும், அதனால் கில்பர்ட் தீவுகளும் பனாபாவும் இன்று அடங்கியுள்ள நாட்டின் (Kiribati) பெயர் கிரிபாஸ். பின்னட்டையில் ‘சொர்க்கத் தீவுகள்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.