தூலே மரம் ஆலமரம் அல்ல

ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் வந்த மெக்சிகோ தூலே மரத்தின் படம் அருமை. ஆனால் படக்குறிப்பில் 'ஆலமரம் போன்றது' என்று போட்டுவிட்டீர்களே! அது அவேவேத்தே, சைப்ரஸ் குடும்பத்து ஊசியிலை மரம். விழுதெல்லாம் கிடையாது. 30 மீட்டருக்கும் மேற்பட்ட சுற்றளவு முழுக்க ஒற்றை அடிமரம்தான். பல மரங்கள் ஒட்டி வளர்ந்தவையோ என்ற சந்தேகத்தை மரபணுச் சோதனை தீர்த்துவிட்டது.

ஊசியிலை என்றதும் நமக்குப் பனிமலைதான் நினைவுக்கு வரும். இதுவோ ஆற்றோரத்தில் வேரை நனைத்தபடி நிற்கிற ஜாதி. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் அவேவேத்தே என்ற பெயரே 'தண்ணீர்க் கிழவர்' என்று பொருள்படும். மரம் நிற்கும் ஊரின் பெயரில் உள்ள தூலே என்பதும் ஒருவகைக் கோரைதான். வஹாகா மாநிலத்தின் அந்த ஊர் ஒருகாலத்தில் சதுப்பு. இன்று ஈரம் வற்றி, கிழவருக்கு ஆள் வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

- ஒரு வாசகர், திருவையாறு