எந்தச் சட்டம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'எழுதப்படாத அரசியலமைப்பு' கட்டுரையை இருமுறை படித்தேன். பிரிட்டனின் அரசியலமைப்பு யாரும் நட்டுவைக்காத ஆலமரம் போலச் சண்டை சச்சரவில்லாமல் தானாக வளர்ந்தது என்கிறார் கட்டுரையாளர். மொரீசியஸிலிருந்து படிக்கிற எனக்கு அது செரிக்கவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். பிரிட்டனின் அரசியலமைப்பு எழுதப்படாதது அல்ல, அதை ஒரே நூலாகத் தொகுக்கவில்லை என்பதுதான் சரி. 1689 உரிமைச் சட்டமும் 1701 வாரிசுரிமைச் சட்டமும் எழுத்தில்தான் இருக்கின்றன. எழுத்தில் இல்லாதது மரபு. அதையும் யாராவது மீறிய பிறகு ஓடிப்போய் எழுதுகிறார்கள். வரவு செலவுத் திட்டத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபை கைவைப்பதில்லை என்பது நெடுநாள் வழக்கம். 1909-இல் நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜின் பட்ஜெட்டை அவர்கள் நிராகரித்தார்கள். அடுத்த ஆண்டே இரண்டு தேர்தல்கள் நடந்தன. புதிய பிரபுக்களை நூற்றுக்கணக்கில் நியமித்துவிடுவோம் என்ற மிரட்டலும் வந்த பிறகே, பிரபுக்களின் அதிகாரத்தைக் குறைத்த 1911 நாடாளுமன்றச் சட்டம் நிறைவேறியது. ஆலமரம் எங்கே?

மரபு என்றால் என்னவென்று எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் ரூபாய் நோட்டில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று வரிசை. அரசியலமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. 1998-இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். அதிலும் நூறு ரூபாய் நோட்டில் இருந்த முகம் நம் தமிழ் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசனுடையது! பழைய நோட்டையும் புதிய நோட்டையும் சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நானும் என் மனைவியும் பார்த்துக்கொண்டே இருந்தோம். தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். நோட்டுகளைத் திரும்பப் பெற்று, பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தார்கள்.

எங்களுக்குக் கூச்சல் போட ஆள் இருந்தது. இல்லாதவர்கள் கதை வேறு.

1965 நவம்பர் 8 அன்று சாகோஸ் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரித்தது ஒரு பிரிவி கவுன்சில் ஆணை. பிரிட்டிஷ் அரசருக்கு ஆலோசனை சொல்லும் குழு அது. நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்பு இல்லை. அந்தக் கவுன்சில் கூடும் விதமே விசித்திரம். யாரும் உட்காருவதில்லை. நின்றபடியே ஆணைகளின் தலைப்புகளை ஒருவர் வாசிப்பார், அரசரோ அரசியோ "ஒப்புதல்" என்பார், முடிந்தது. 1973-க்குள் தீவு மக்கள் அனைவரையும் வெளியேற்றிவிட்டார்கள். 2000-இல் லண்டன் உயர் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது. 2004 ஜூனில் மறுபடி அதே கூட்டம், அதே "ஒப்புதல்". திரும்பிப் போகும் வழி அடைபட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அந்த ஆணையை ரத்து செய்தன. 2008 அக்டோபர் 22 அன்று அப்போது பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் அது செல்லும் என்றார்கள்.

அன்று எங்கள் தெருவில், சாகோஸைச் சேர்ந்த பெரோஸ் பான்யோஸ் தீவில் பிறந்த ஒரு பாட்டி, துணி அலசிக்கொண்டிருந்த ஈரக் கையோடு வாசலுக்கு வந்து என்னைக் கேட்டார்: "மிஸ்யே, கி லால்வா சா?" இது எந்தச் சட்டம் என்று. வாத்தியாருக்குத் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. ஆணைக்குத் தேதி உண்டு, தலைப்பு உண்டு. அதைப் பிறப்பிக்கும் அதிகாரம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று அவருக்கு எதைக் காட்டுவேன்? அது தொன்றுதொட்டு அரசருக்கு இருக்கும் சிறப்புரிமை, அவ்வளவுதான். "தெரியலையம்மா" என்பதைக் கிரியோலில் சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

சட்டம் படிப்பவர்கள் ரசிக்கிற இடமும் அதே தீர்ப்பில்தான் இருக்கிறது. அரச சிறப்புரிமையால் பிறந்த ஆணையானாலும் நீதிமன்றம் அதை ஆராயலாம் என்று அது ஒப்புக்கொண்டது. கொள்கை வென்றது, தீவுக்காரர்கள் தோற்றார்கள். 2019-இல் போரிஸ் ஜான்சன் நாடாளுமன்றத்தை ஐந்து வாரம் மூடப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றத்தின் 11 நீதிபதிகளும் ஒருமித்து அது செல்லாது என்றார்கள். எழுதாத அரசியலமைப்பின் அழகு என்று கட்டுரையாளர் மெச்சுவது இதைத்தான். நானும் மெச்சுகிறேன். ஆனால் அங்கே 11-0, சாகோஸ்காரர்களுக்கு 3-2 என்பதையும் சேர்த்தே படிக்கிறேன்.

எழுதிவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. எங்கள் அரசியலமைப்பே 1968 மார்ச் 4 அன்று ஒரு பிரிவி கவுன்சில் ஆணையின் இணைப்பாகத்தான் வந்தது. எங்கள் கடைசி மேல்முறையீடும் இன்றுவரை அந்தக் கவுன்சிலின் நீதிக் குழுவுக்குத்தான் போகிறது. (இதை எங்கள் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள்.) ஆனாலும் அதைத் திருத்த மூன்றில் இரண்டு பங்கு உறுப்பினர்கள் வேண்டும், முக்கியமான பிரிவுகளுக்கு நான்கில் மூன்று பங்கு. பிரிட்டனில் 2011-இல் ஐந்தாண்டுக்கு ஒருமுறைதான் தேர்தல் என்று சட்டம் போட்டார்கள். 2022-இல் சாதாரணப் பெரும்பான்மையில் அதை அழித்துவிட்டார்கள். கட்டுரையாளர் இதை நெகிழ்வு என்கிறார். எனக்கு என் வகுப்பறைக் கரும்பலகைதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்த பகுதியில் நியூசிலாந்து வருமென்று அறிவித்திருக்கிறீர்கள். 1950-இல் அங்கே மேலவையை ஒழிப்பதற்கு வாக்களிக்கவென்றே அதற்குள் புதிய உறுப்பினர்களை நியமித்தார்கள். 'தற்கொலைப் படை' என்று அவர்களுக்குப் பெயர். சுவையான கதை, விட்டுவிட வேண்டாம். அதற்கு முன் பிரிவி கவுன்சில் ஆணைகளுக்கு ஒரு அரைப் பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்