இடது பக்கம் மட்டும் மங்கும் லென்ஸ்: உத்தரவாதத்தின்கீழ் சரிசெய்து தரக் கோரி

சிவகாசி
10.03.2025

அனுப்புநர்: பெயர், முகவரி, கைபேசி எண் ஆகியவை இணைத்துள்ள பில்லில் உள்ளபடி.

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: 17-50 மி.மீ. எஃப் 2.8 லென்ஸில் உற்பத்திக் கோளாறு. உத்தரவாதக் காலத்திலேயே புகார் சொல்லியும் கட்டணம் கேட்பது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். 2024 ஜனவரி 12 அன்று, பொங்கல் தள்ளுபடியில், உங்கள் நிறுவனத்தின் மேற்படி லென்ஸை 31,500 ரூபாய் கொடுத்துப் புதிதாக வாங்கினேன். ஓராண்டு உத்தரவாதம். இதில் எடுக்கும் படங்களில் இடது பக்கம் மட்டும் மங்குகிறது. வாங்கிய ஆறாவது மாதமே உங்கள் மதுரை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன். "கை ஆடியிருக்கும் சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். கோளாறு கையில் இல்லை, லென்ஸில்தான் என்று தெளிவாகத் தெரிந்துகொண்டு மறுபடி போனேன். உத்தரவாதம் முடிந்து 23 நாள் ஆகிவிட்டது, ஜிஎஸ்டி சேர்த்து 9,440 ரூபாய் ஆகும் என்கிறார்கள். அந்தப் பணத்தை நான் கட்டப் போவதில்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சுருக்கமாக இரண்டு முறை சொல்லிப் பார்த்தாகிவிட்டது.

நான் போட்டோகிராபர் இல்லை. அச்சகத்தில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறேன், 19 வருடமாக. காலண்டர் சீசன் வந்தால் இரவு பகல் தெரியாது. நான்கு கலரும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. மற்றவர்கள் எடுத்த மலையையும் அருவியையும் லட்சக்கணக்கில் அச்சடித்துக் கொடுத்துவிட்டு, நாமும் ஒன்று எடுத்தால் என்ன என்று 2021-ல் தெரிந்த ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் பழைய கேமரா வாங்கினேன். 24 மெகாபிக்சல், உள்ளே படம் பதியும் சென்சார் சிறியது. கூடவே வந்தது ஒரு 18-55 லென்ஸ். வெயிலில் அது நன்றாகவே எடுக்கும். கோயில் பிரகாரத்திலும் மண்டபத்திலும்தான் திணறும். எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும்; 50-க்கு மேல் ஜூம் போனால் எஃப் 5.6-க்குக் கீழே அது இறங்காது. எஃப் 2.8 என்றால் அதைப்போல நான்கு மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஒரு வருட ஓவர்டைம் பணத்தைச் சேர்த்து உங்கள் லென்ஸை வாங்கியது அதற்காகத்தான்.

முதலில் கண்டுபிடித்தவர் என் அத்தை. ஏப்ரலில், குலதெய்வம் கோயிலில் தங்கை மகளுக்குக் காதுகுத்து. குடும்பத்தோடு நிற்கவைத்து எடுத்த படத்தில் அத்தை இடது கோடியில் நின்றார். படத்தைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, எல்லாரும் பளிச்சுன்னு இருக்காங்க, நான் மட்டும் ஆவி மாதிரி நிக்கிறேன்" என்றார். அசைந்திருப்பீர்கள் அத்தை என்று சமாளித்தேன். அவர் இன்றுவரை அதை மன்னிக்கவில்லை. அன்று எடுத்த மற்ற படங்களைப் பிறகு பார்த்தேன். இடது கோடியில் யார் நின்றாலும் ஆவிதான்.

2024 ஜூன் 20 அன்று லென்ஸை எடுத்துக்கொண்டு மதுரை போனேன். கவுண்டரில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார், அதில் குறை சொல்ல மாட்டேன். லென்ஸை ஒரு கேமராவில் மாட்டி, எதிரே இருந்த விளம்பரப் பலகையின் நடு எழுத்தை ஒரு படம் எடுத்தார். "ஃபோகஸ் சரியா இருக்கு சார். கை ஆடாம பிடிச்சுப் பழகுங்க." ஜாப் ஷீட்டில் 'வெளித்தோற்றம் நன்று, பழுது எதுவும் இல்லை' என்று எழுதினார்கள். பரிசோதனைக் கட்டணம் 590 ரூபாய். இடது ஓரத்தை அவர் பார்க்கவே இல்லை. பார்க்கச் சொல்ல எனக்கும் அன்று தெரியவில்லை.

கை ஆடினால் படம் முழுக்க ஆடும், ஓரம் மட்டும் எப்படி ஆடும்? இந்தக் கேள்வியை அன்றே கேட்டிருக்க வேண்டும். எங்கள் மெஷினில் ஷீட்டின் ஒரு பக்கம் மட்டும் மை சரியாகப் பிடிக்கவில்லை என்றால் பேப்பரைத் திட்ட மாட்டோம், அந்தப் பக்கம் ரோலர் அழுத்தத்தைத்தான் பார்ப்போம். ஆனால் கேமரா விஷயத்தில் நான் கற்றுக்குட்டி. கம்பெனி ஆளே சொல்கிறார், நம்மிடம்தான் தப்பு என்று நம்பிவிட்டேன்.

அதனால் என்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தேன். ஷட்டர் வேகம் குறைந்தபட்சம் ஃபோகல் தூரத்தின் (17, 50 என்று லென்ஸில் போட்டிருக்கும் மி.மீ. எண்) தலைகீழாவது இருக்க வேண்டும், சிறிய சென்சார் என்றால் அதை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று படித்தேன். 50 மி.மீ.க்கு 1/80 நொடி போதும். நான் பயந்துபோய் 1/250-ல் எடுத்தேன். வெளிச்சக் குறையை ஈடுகட்டும் ஐஎஸ்ஓ எண் ஏறிப் படம் புள்ளி புள்ளியாக வந்தது. அந்தப் புள்ளிகளுக்கு நடுவிலும் இடது பக்கம் மங்கலாகவே இருந்தது. சரி, எஃப் 2.8-ல் தெளிவாக விழும் ஆழம் குறைவு, ஓரத்தில் நிற்பவர் ஓரடி முன்னே பின்னே நின்றால் மங்கத்தான் செய்வார் என்று தெரிந்தது. எல்லாரையும் சுவரோடு சுவராக நிற்கவைத்தேன். அப்புறம் ஆட்டோஃபோகஸ். கண்ணாடி வைத்த கேமராவில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பிடிக்கும் சென்சார் தனி. இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அந்தச் சந்தேகமும் வேண்டாம் என்று கேமராவின் பின்திரையில் நேரடியாகக் காட்டும் லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்தேன். டிரைபாடில் வைத்தால் ஆட்டத்தைத் தடுக்கும் வசதியை அணைத்துவிட வேண்டும், பட்டனை அமுக்கும் விரலே கேமராவை அசைக்கும் என்பதால் இரண்டு நொடி டைமர் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த மாதங்களில் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டதுதான். ஒவ்வொரு முறையும் ஒரு தப்பு திருந்தியது. இடது பக்கம் திருந்தவில்லை.

இதற்கிடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியவில்லை. சென்ற ஆண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர். விடியுமுன் போய் ஒரு மாடியில் இடம் பிடித்து, வடம் பிடிக்கும் கூட்டத்தையும் தேரையும் ஒரே சட்டத்தில் எடுத்தேன். எங்கள் முதலாளி பார்த்துவிட்டு, மாதக் காலண்டரில் ஒரு தாளுக்கு இதையே போடலாம் என்றார். 6000-க்கு 4000 பிக்சல் படத்தை, அச்சுக்குத் தேவையான 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி), 20 அங்குல அகலம்வரை தாராளமாக அடிக்கலாம். கேமராவின் சின்னத் திரையில் பார்த்தபோது கண்ணை ஏமாற்றியது, அந்த அளவில் ப்ரூஃப் (மாதிரி அச்சு) எடுத்ததும் பல்லை இளித்துவிட்டது. வலதுபுறம் தேரின் மரச் சிற்பம் ஒவ்வொன்றும் எண்ணலாம்போல நிற்கிறது, இடதுபுறம் வடம் பிடித்த நூறு பேருக்கும் முகம் இல்லை. முதலாளி ஒன்றும் சொல்லாமல் வேறு படத்தை மாற்றினார். அந்தத் தாளையும் நான்தான் அடித்தேன். என் படத்தை என் மெஷினில் அடிக்க வேண்டும் என்ற ஆசைக்கு நீங்கள் நஷ்டஈடு தர முடியாது, கேட்கவும் இல்லை. ஜூன் மாதமே ஓரத்தைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது என்பதற்காகச் சொல்கிறேன்.

சீசன் முடிந்து, ஜனவரிக் கடைசியில்தான் கை ஓய்ந்தது. எனக்குத் தெரிந்த தொழிலை வைத்தே சோதிப்பது என்று முடிவு செய்தேன். நான்கு மூலையிலும் நடுவிலும் ரிஜிஸ்டர் மார்க் (கலர்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பார்க்கும் குறி) விழுந்த ஒரு பெரிய ஷீட்டைச் சுவரில் ஒட்டினேன். கேமராவும் சுவரும் துல்லியமாக நேருக்கு நேர் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மங்குவதற்கு அதுவே காரணமாகிவிடும். அதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. ஷீட்டின் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, அதில் லென்ஸின் பிம்பமே படத்தின் நட்டநடுவில் தெரியும்வரை டிரைபாடை நகர்த்தினேன். பிறகு 17, 24, 35, 50 ஆகிய நான்கு நிலைகளிலும், எஃப் 2.8-லிருந்து எஃப் 8 வரை எடுத்தேன். எஃப் 2.8-ல் வலது மூலையின் மார்க் ஊசியால் கீறியதுபோல நிற்கிறது, இடது மூலையில் ஒரு சாம்பல் தழும்புதான் இருக்கிறது. எஃப் 8-ல் ஓரளவு தேறுகிறது. எஃப் 8-ல் எடுக்க என்னிடம் பழைய லென்ஸே இருக்கிறது.

அடுத்து, டிரைபாடின் நடுத் தண்டைத் தலைகீழாக மாட்டி, கேமராவைத் தலைகீழாகத் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன். சுவரிலோ நான் வைத்த கோணத்திலோ தப்பு இருந்தால், சுவரின் அதே இடது மூலைதான் திரும்பவும் மங்கியிருக்கும். மங்கியது சுவரின் வலது மூலை. அதாவது மங்கல் லென்ஸோடு சேர்ந்து சுற்றியது. இடது மூலையிலேயே ஃபோகஸ் வைத்துப் பார்த்தேன்: அந்த மூலை தெளிந்தது, நடுவும் வலதும் கலங்கின. லென்ஸ் குவிக்கும் தளமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம். உள்ளே அடுக்கியிருக்கும் கண்ணாடிகளின் மையங்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஏதோ ஒன்று சாய்ந்தோ விலகியோ உட்கார்ந்திருக்கிறது.

கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய்தான் வளைந்திருக்கிறது என்று சொல்வீர்களோ என்று அதையும் பார்த்துவிட்டேன். கேமரா விற்ற ஸ்டுடியோக்காரரிடம் இதே மாடல் லென்ஸ் இருக்கிறது. அதை என் கேமராவில் மாட்டினால் நான்கு மூலையும் ஒன்றுபோல வருகிறது. என் லென்ஸை அவர் கேமராவில் மாட்டினால் இடது பக்கம் போய்விடுகிறது. அவருக்கே ஆச்சரியம், "இத்தனை நாள் உன் மேலதான் தப்புன்னு நெனச்சேன்" என்றார்.

இந்தப் படங்களோடு 2025 பிப்ரவரி 3 அன்று மதுரை போனேன். இந்த முறை வேறொருவர். படங்களைப் பார்த்துத் தலையாட்டினார். இது உள்ளே கண்ணாடி அமைப்பை மறுபடி நேர்செய்ய வேண்டிய வேலைதான் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் மதிப்பீட்டுச் சீட்டில் 'கீழே விழுந்திருக்கலாம்' என்று ஒரு வரி சேர்த்து, உத்தரவாதம் ஜனவரி 11-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்று 9,440 ரூபாய் எழுதினார்.

அந்த ஒரு வரிதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. லென்ஸ் விழவில்லை. முன் வளையத்தில் ஒரு கீறல் கிடையாது, ஃபில்டர் பிசிறில்லாமல் ஏறுகிறது. உங்கள் ஆட்களே ஜூனில் 'வெளித்தோற்றம் நன்று' என்று எழுதிக் கொடுத்த தாள் என்னிடம் இருக்கிறது. காதுகுத்துப் படம் அதற்கும் முந்தியது, ஏப்ரல் மாதத்தது. கோப்பில் தேதி, நேரம், லென்ஸ் விவரம் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அன்று இருந்த அதே மங்கல்தான் இன்றும் இருக்கிறது.

ஜூனில் நான் சொன்னதும் பிப்ரவரியில் சொன்னதும் ஒரே புகார். முதல்முறை உங்கள் ஆட்கள் சரியாகச் சோதிக்காததால் கழிந்த நாட்களை என் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அந்த ஏழு மாதத்தில் நான் நிறையக் கற்றுக்கொண்டது உண்மை. அதற்கு 9,440 ரூபாய் ஃபீஸ் என்றால் அதிகம்.

எனவே லென்ஸைக் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும், முடியாவிட்டால் மாற்றித் தர வேண்டும். ஜூனில் வாங்கிய 590 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பழுது நீக்கிய பிறகு, நடுவும் நான்கு மூலைகளும் தெரியும்படி எஃப் 2.8-ல் எடுத்த சோதனைப் படத்தை லென்ஸோடு சேர்த்து அனுப்ப வேண்டும். 'அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது' என்று சொல்வதானால், அந்த அளவு என்ன என்பதை எண்ணில் எழுதித் தாருங்கள். எங்கள் தொழிலில் ரிஜிஸ்டர் எவ்வளவு விலகினால் ஷீட்டைத் தள்ளுவோம் என்று பார்ட்டிக்குச் சொல்லியாக வேண்டும்.

இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் பதில் இல்லையென்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவுசெய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் விருதுநகர் மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். நான் வசிக்கும் ஊரை வைத்தே மனு போடலாம், 5 லட்சம் ரூபாய்வரை மனுக் கட்டணமும் இல்லை என்று விசாரித்துவிட்டேன். அலைவதற்கு ஆசை இல்லை, உங்களை மிரட்டவும் இல்லை.

பில், 20.06.2024 ஜாப் ஷீட், 03.02.2025 மதிப்பீட்டுச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும், சோதனைப் படங்கள், காதுகுத்துப் படம், தேர்ப் படம் ஆகியவை அடங்கிய பென் டிரைவையும் இணைத்திருக்கிறேன். தேர்ப் படத்தை மட்டும் வேறெங்கும் பயன்படுத்த வேண்டாம். லென்ஸை எடுத்துப்போகக் கூரியர் அனுப்புவதாக இருந்தால், இந்த மாதம் முழுக்க எனக்கு நைட் ஷிப்ட்; மாலை 4 மணிக்கு மேல் போன் செய்யச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(கையொப்பம்)